வீட்டிலிருந்து வேலை: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது?

கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டில் இருந்தபடியே வெளியூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்கள் இப்போது தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மஞ்சக்குப்பத்தில் கணக்கு எழுதுகிறவர், முத்தியால்பேட்டையில் ஆன்லைனில் பாடம் எடுக்கிறவர், லாஸ்பேட்டையில் ராத்திரி கண் விழித்து அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர். யாரைக் கேட்டாலும் கடைசியில் ஒரே வார்த்தைதான் வரும்: "எனக்கு ஒழுங்கு பத்தல."

நான் இதை ஒத்துக்கொள்வதே இல்லை. இதே ஆள் ஆபீஸ் போனபோது நேரத்துக்கு வேலையை முடித்தவர்தான். அங்கே நாற்காலி, கரண்ட், இன்டர்நெட், மதிய மணி, 'வேலையில் இருக்கிறார், அப்புறம் பேசலாம்' என்கிற மரியாதை எல்லாவற்றையும் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் அத்தனையும் நம் பொறுப்பு. அவற்றில் ஒன்றோ இரண்டோ பழுதாகியிருக்கும். அது எது என்று தெரியாமல் மொத்தப் பழியையும் நம் மேலேயே போட்டுக்கொள்கிறோம்.

எனவே முதல் வேலை, பழுதைக் கண்டுபிடிப்பது. ஒரு வாரத்துக்கு மேசையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை அறுபடும்போதெல்லாம் நேரமும் காரணமும் மட்டும் எழுதுங்கள். 11.10 சிலிண்டர். 11.45 லைன் போச்சு. 2.30 தூக்கம். 4.00 ஃபைல் தேடல். வார முடிவில் எந்தக் காரணம் அதிகம் வந்திருக்கிறதோ, கீழே அந்த அறிகுறிக்குப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி நாலைந்து நாள் பாருங்கள். மேசை, நாற்காலி, ரவுட்டர், நேரம் என்று எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றினால் எது உதவியது என்று கடைசி வரை தெரியாது.

அறிகுறி: உட்கார்ந்துவிட்டேன், ஆனால் பத்தரை வரை வேலை தொடங்கவே இல்லை

முதலில் பார்க்க வேண்டியது: உட்காரும்போது முதல் வேலை எது என்று முடிவாகியிருந்ததா? முடிவாகாமல் உட்கார்ந்தால் கை தானாக மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போகும். அங்கிருந்து மீண்டு வர ஒரு மணி நேரம்.

முந்தின நாள் வேலையை மூடும்போதே மறுநாளின் முதல் வேலையை ஒரு வரி எழுதி வையுங்கள். 'ஜிஎஸ்டி வேலை' என்று எழுதினால் பிரயோசனம் இல்லை. 'மார்ச் மாத கொள்முதல் பில்களை ஷீட்டில் ஏற்றி, ஒத்துப்போகாததை மஞ்சளில் குறிக்க வேண்டும்' என்று எழுதுங்கள். காலையில் யோசிக்க எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

அப்படி எழுதியும் தொடங்க முடியவில்லையா? இடத்தைப் பாருங்கள். சாப்பாட்டு மேசையே வேலை மேசை என்றால் தினமும் இட்லித் தட்டை எடுத்து, துடைத்து, சார்ஜரைத் தேடி, அதற்குள் ஒரு போன். வேலைச் சாமான் அத்தனையையும் (லேப்டாப், சார்ஜர், ஹெட்செட், நோட்டு, பேனா) ஒரே பிளாஸ்டிக் கூடையில் போட்டு வைத்தால் விரிப்பதும் மடிப்பதும் இரண்டு நிமிட வேலை. தனி அறை இல்லாத வீட்டில் இந்தக் கூடைதான் ஆபீஸ். கட்டிலில் மட்டும் வேண்டாம். அங்கே உட்கார்ந்தால் உடம்பு படுக்கத்தான் பார்க்கும்.

அறிகுறி: நிமிடத்துக்கு ஒருமுறை வீட்டில் கூப்பிடுகிறார்கள்

நோட்டில் மிக அதிகமாக வருவது இதுதான். இதில்தான் மனக்கசப்பும் அதிகம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

புதுப்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டில் நடப்பது இது:

"தம்பி, சிலிண்டர் வந்திருக்குப்பா. போன்ல ஏதோ நம்பர் வந்திருக்காம், கேக்குறாங்க."

"மீட்டிங்ல இருக்கேன்மா."

"ஒரு நிமிஷம்தானேடா, சொல்லிட்டுப் போயேன்."

அம்மா மேல் என்ன தப்பு? சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நிற்கிறார், அவர் கேட்கும் ஓடிபி மகன் போனில் இருக்கிறது. மகனைக் கூப்பிடாமல் அந்த அம்மா வேறு என்ன செய்ய முடியும்? பழுது கேஸ் இணைப்பில் பதிவான போன் நம்பரில் இருக்கிறது. அதை அம்மாவின் நம்பருக்கு மாற்றிவிட்டால் அந்தக் குறுக்கீடு அன்றோடு முடிந்தது.

இதே மாதிரி உங்கள் வீட்டில் 'நீ இல்லாமல் நடக்காது' என்று இருப்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பார்சல் ஓடிபி, தண்ணீர் மோட்டார், கரண்ட் பில், அப்பாவின் மாத்திரை வாங்குவது, பிள்ளையை வேனில் இருந்து இறக்குவது. இவற்றில் சிலதை இன்னொருவர் போனுக்கோ கைக்கோ மாற்றிவிடலாம். மோட்டார், மாத்திரை போன்றவற்றுக்கு ஒரு நேரம் குறித்துவிடலாம். உண்மையிலேயே நீங்கள்தான் வேண்டும் என்பது, எழுதிப் பார்த்தால், ஒன்றிரண்டுதான் தேறும்.

அடுத்து, நீங்கள் எப்போது மீட்டிங்கில் இருக்கிறீர்கள் என்று வீட்டுக்கு எப்படித் தெரியும்? கதவில் போர்டு மாட்டச் சொல்வார்கள். அது பெரியவர்கள் இருக்கும் வீட்டில் எடுபடாது, மரியாதையாகவும் இருக்காது. நான் எல்லாரிடமும் சொல்வது தினசரிக் காலண்டர். சமையலறைச் சுவரிலோ பூஜை அறை பக்கத்திலோ தொங்கும் அந்தக் காலண்டரைக் காலையில் கிழித்து, ராகு காலம் எமகண்டம் பார்ப்பது வீட்டில் யாரோ ஒருவரின் வழக்கம். அன்றைய தாளிலேயே ராகு காலத்துக்குப் பக்கத்தில் பேனாவால் '10.30 – 11.30 மீட்டிங்' என்று எழுதுங்கள். அவர்கள் கண் எப்படியும் போகும் இடம் அது. அந்த நேரத்தில் கூப்பிடாமல் இருப்பதோடு, குக்கரையும் மிக்சியையும் கூடத் தள்ளிப் போடுவார்கள். ஆனால் நாள் முழுக்க அடைத்து எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். உண்மையான மீட்டிங்கும், கவனம் வேண்டிய ஒரு மணி நேரமும் மட்டும் எழுதுங்கள். ஒரு மணிக்குச் சாப்பிட வருகிறேன் என்றால் வந்துவிடுங்கள், லேப்டாப் இல்லாமல்.

சொந்தக்காரர் வந்தால்? 'வாங்க' என்று சொல்லாமல் இருக்க நம்மால் முடியாது, கூடவும் கூடாது. எழுந்து வந்து, தண்ணீர் கொடுத்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். "ஒரு மணிக்கு வந்துடறேன் அத்தை, சேர்ந்து சாப்பிடலாம்" என்று நேரத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். 'கொஞ்சம் வேலை இருக்கு' என்பதுதான் கோபத்தை வரவழைக்கும். நேரம் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

மருமகள் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வீட்டில் காலண்டர் மட்டும் போதாது. அவள் வீட்டில் இருக்கிறாள் என்பதாலேயே சமையலும் துணியும் பிள்ளையும் அவள் மேல் விழுகின்றன, சம்பளம் மட்டும் ஆபீஸ் போகிறவர் சம்பளம் மாதிரியே வீட்டுக்குள் வருகிறது. இதை அவளே மாமியாரிடம் பேசினால் வேறு மாதிரி ஆகும். பேச வேண்டியது கணவன். பேசினால் மட்டும் பத்தாது, காலை டிபனையோ மாலையில் பிள்ளையின் பாடத்தையோ ஒன்றை அவர் முழுசாகத் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாட்களை முன்கூட்டியே குறித்து வையுங்கள். புதுச்சேரியில் நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். இரண்டும் அரசு விடுமுறை. சென்னைக் கம்பெனிக்கு அவை சாதாரண வேலை நாட்கள். மழை விடுமுறையைத்தான் குறிக்க முடியாது, அறிவிப்பு அன்று காலையில்கூட வரும். அதற்காக மழை நாள் வேலை என்று தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம்: பழைய ஃபைலை ஒழுங்கு செய்வது, பில் ஏற்றுவது, விட்டு விட்டுச் செய்தாலும் கெடாத வேலைகள்.

அறிகுறி: மதியம் இரண்டு மணிக்கு மேல் மண்டை ஓடவில்லை

சித்திரை, வைகாசியில் மட்டும் இப்படியா, வருஷம் முழுக்கவா?

வெயில் காலத்தில் மட்டும் என்றால் பழுது அறையில் இருக்கிறது. மொட்டை மாடிக்கு நேர்க்கீழே உள்ள அறையும் மேற்குச் சுவர் உள்ள அறையும் மதியத்துக்கு மேல்தான் கொதிக்கும். இரவு வரை அந்தச் சூடு இறங்காது. மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். அந்த நாட்களிலாவது மேசையைக் கீழ்த்தளத்துக்கோ கிழக்கு அறைக்கோ மாற்றுங்கள். நமக்குக் கடல் கிழக்கே. மதியத்தை ஒட்டிக் கடல்காற்று எழுந்தால் கிழக்கு ஜன்னலைத் திறந்துவைத்த அறைக்குத்தான் முதலில் வரும். கவனம் வேண்டிய வேலையைக் காலை ஆறு முதல் பத்துக்குள் முடித்துவிட்டு, மதியத்துக்கு மெயில் பதில், பில் சரிபார்ப்பு என்று இலேசானதை வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்புக்கும் இது பொருந்தும். சூடேறினால் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாத மதியத்தில் 'சிஸ்டம் ஸ்லோ' என்றால் வைரஸைத் தேடும் முன் அடியில் காற்றுத் துளை மெத்தையில் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வருஷம் முழுக்க என்றால் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பாருங்கள். ஆபீஸில் டப்பா சோறு. வீட்டில் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்று. ஒரு சுற்றைக் குறைத்து, சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்தாலே வித்தியாசம் தெரியும். அலாரம் வைத்து இருபது நிமிடம் கண் மூடுவதிலும் தவறில்லை. ஒரு மணி நேரம் தூங்கினால்தான் எழுந்த பிறகும் மந்தம் போகாது.

அறிகுறி: மீட்டிங்கில் என் குரல் உடைகிறது

இதற்கு வரிசையாகப் போக வேண்டும். ரவுட்டரைப் பாருங்கள். 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம். நீங்கள் எத்தனை முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பலன் இருக்காது, லைன்மேனைக் கூப்பிட வேண்டியதுதான். கேபிள் எங்காவது கூர்மையாக மடங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள்.

சிவப்பு இல்லை என்றால் லேப்டாப்பை லேன் கேபிளில் நேராகச் செருகி ஒரு மீட்டிங் பேசுங்கள். அதில் சரியாக இருந்தால் லைன் நல்ல லைன், வைஃபைதான் கோளாறு. புதுச்சேரியின் பழைய வீடுகளில் ஒன்றரை அடிச் செங்கல் சுவர்கள் உண்டு. பெரும்பாலான ரவுட்டர்களில் 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை சிக்னல் உண்டு. 5 வேகமானது, ஆனால் இப்படி இரண்டு சுவர் தாண்டுவதற்குள் சுருண்டுவிடும். பக்கத்து அறை என்றால் 5, தள்ளி இருந்தால் 2.4 என்று மாற்றிப் பாருங்கள். ரவுட்டர் டிவிக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளோ இருந்தால் வெளியே எடுத்து உயரமாக வையுங்கள். கேபிளிலும் குரல் உடைந்தால், அப்லோடு வேகத்தைச் சோதியுங்கள். டவுன்லோடு நூறு காட்டும், அப்லோடு இரண்டில் நிற்கும். உங்கள் குரலும் முகமும் போவது அப்லோடில்தான்.

தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி கடலை ஒட்டி இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. உப்புக்காற்றில் லேன் பிளக்கின் செப்பு முனைகளும் அடாப்டரின் முனையும் பச்சை பூத்துவிடும். மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். விட்டு விட்டுக் கோளாறு வந்தால் முதலில் அந்தக் கேபிளை மாற்றிப் பாருங்கள். ரவுட்டர் மாற்றுவதைவிட எத்தனையோ மடங்கு மலிவு.

அறிகுறி: கரண்ட் போனால் நாளே போய்விடுகிறது

அறிவித்த மின்தடையா, அறிவிக்காததா? கடலூர்ப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்குப் பெரும்பாலும் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை நிறுத்துவார்கள். எந்தெந்தப் பகுதி என்று முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும். அந்தப் பத்தியைப் பார்க்கும் பழக்கம் இருந்தாலே பாதி சங்கடம் தீர்ந்தது. திடீரென்று போனால் 94987 94987 என்ற மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்) எண்ணில் புகாரைப் பதியலாம். இது தமிழ்நாட்டுக்கு மட்டும். புதுச்சேரிக்குத் தனி மின்துறை.

இன்வெர்ட்டர் இருந்தும் ஒரு மணி நேரத்தில் படுத்துவிடுகிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் 1800 வாட்-மணி. சாதா ஃபேன் 75 வாட், லேப்டாப் 60, லைட் 10, ரவுட்டர் 10, மொத்தம் 155. தாளில் 11 மணி நேரத்துக்கு மேல் வரும். பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுவதில் வீணாவதையும் பேட்டரியை முழுக்க வற்றவிடக் கூடாது என்பதையும் கழித்தால், நல்ல பேட்டரியில் ஆறேழு மணி நேரம் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள், முனையில் வெள்ளைப் பூப்பு இருக்கிறதா பாருங்கள், ஃபிரிட்ஜோ இன்னொரு அறை ஃபேனோ அதே லைனில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். மூன்றாவதுதான் நிறைய வீடுகளில் காரணம். 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் மாற்றினால் நேரம் நன்றாகக் கூடும்.

இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கு மட்டும் ஒரு மினி யூபிஎஸ் வாங்கலாம். லேப்டாப்பில்தான் சொந்த பேட்டரி இருக்கிறதே. வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், வோல்ட் மாறினால் ரவுட்டர் போய்விடும். இன்னொரு சோதனை: அடுத்த முறை கரண்ட் போகும்போது ரவுட்டர் எரிந்தும் நெட் இல்லை என்றால், தெருக்கோடியில் இருக்கும் கேபிள்காரர் பெட்டிக்கும் கரண்ட் போயிருக்கலாம். அப்படியானால் உங்கள் யூபிஎஸ்ஸால் உதவி இல்லை. ஃபைபர் எந்தக் கம்பெனியோ, அது அல்லாத வேறு கம்பெனி சிம் ஒன்றை ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இதெல்லாம் வேறு அளவுக்குப் போகும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது நாள்கணக்கில் இருட்டில் இருந்த ஊர்கள் நம் ஊர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்று, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் வந்தது. மழை நின்றுவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று நினைத்தவர்களுக்கு அப்போதுதான் தொல்லை ஆரம்பித்தது. இதைச் சமாளிக்க எந்த இன்வெர்ட்டராலும் முடியாது. மஞ்சள் எச்சரிக்கை வரும்போதே மேனேஜருக்கு எழுதிவிடுங்கள்: எந்தத் தேதிகளில் தொடர்பு அறுந்துபோகலாம், அவசரத்துக்கு யார் பார்ப்பார்கள், எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது. முடித்தது முடிக்காதது எல்லாவற்றையும் பொது ஃபோல்டரில் ஏற்றுங்கள். ரவுட்டர், அடாப்டர், யூபிஎஸ், ஸ்பைக் பஸ்டர் எல்லாவற்றையும் தரையிலிருந்து தூக்கி மேலே வையுங்கள். அப்புறம் வேலையை மறந்துவிட்டு வீட்டைப் பாருங்கள்.

அறிகுறி: வேலை முடிவதே இல்லை

வேலை அதிகமா, முடிக்கும் நேரம் இல்லையா? ஒரு வாரம் இரவு ஏழுக்கு மேல் செய்ததை மட்டும் தனியாக எழுதுங்கள். பகலில் அறுபட்ட வேலைதான் இரவில் வருகிறது என்றால் இரண்டாவது அறிகுறிக்குத் திரும்புங்கள். பகல் சுத்தமாகப் போயும் இரவில் வருகிறது என்றால் வேலையின் அளவே அதிகம். அந்த நோட்டைக் காட்டி மேலிடத்தில் பேச வேண்டியதுதான்.

வெளிநாட்டு நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு வருஷத்தில் இரண்டு முறை ஒரு குழப்பம் வரும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திரும்ப வைப்பார்கள். நியூயார்க்கின் காலை 9 மணி மீட்டிங், நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. பிரிட்டனில் மாறுவது மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில். தேதிகள் ஒன்றல்ல என்பதால் இரண்டு நாட்டுக்கும் சேர்த்து வேலை பார்ப்பவருக்கு நடுவில் சில வாரம் எல்லாமே இடிக்கும். இந்த நாலு ஞாயிறையும் காலண்டரில் குறித்து, மாலையில் பிள்ளைக்கு ஒதுக்கிய நேரத்தையும் அதற்குத் தக்கபடி நகர்த்திவிடுங்கள்.

வேலையை மூடுவதற்கு உடம்புக்குத் தெரிகிற மாதிரி ஒன்று வேண்டும். சாமானைக் கூடையில் போட்டு, சட்டை மாற்றி, வெளியே கிளம்புங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது, மாலையில் வண்டி விடாமல் நடக்க விடுவார்கள். கடலூரில் சில்வர் பீச். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் தெருமுனை டீக்கடை போதும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அறிகுறி: ஃபைல் கிடைக்கவில்லை, கழுத்து வலி

இரண்டுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலை அங்கேயே விட்டால் தேடுதல் நிச்சயம். வந்ததும் ஒரே ஃபோல்டரில், தேதியை முன்னால் வைத்து (2025-03-14 என்கிற வரிசையில்) பெயரிட்டுச் சேமியுங்கள். தானாகவே வரிசையாக நிற்கும். கழுத்து வலிக்கு, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். லேப்டாப்பின் அடியில் நாலு தடிப் புத்தகம் வைத்து, தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கினால் அதுவே போதும். பாதம் தரையில் படியாவிட்டால் ஒரு மணை. கை மரத்துப்போவது, வலி தோளிலிருந்து கைக்கு இறங்குவது இருந்தால் புத்தகம் அடுக்கிக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஒட்டவில்லை

கரண்ட் இருக்கிறது, லைன் இருக்கிறது, வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை, முதல் வேலை எழுதி வைத்திருக்கிறது. ஆனாலும் கை போகவில்லை. பேச ஆள் இல்லாமல் வாரக்கணக்கில் ஒரே சுவரைப் பார்த்திருந்தால் இப்படி ஆகும். வாரத்தில் ஒரு நாளாவது வெளியில் உட்காருங்கள். பேச்சு இல்லாத வேலை என்றால் நூலகம் நல்ல இடம். புதுச்சேரியில் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது, கடலூரில் மாவட்ட மைய நூலகம். இல்லையென்றால் இதே மாதிரி வேலை பார்க்கும் நண்பரின் வீட்டில் ஒரு நாள், உங்கள் வீட்டில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியும் மாறவில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த எதிலும் பிடிப்பு இல்லை, இது இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால் அதை வேலைப் பழக்கமாக நினைத்துச் சரி செய்யப் பார்க்காதீர்கள். டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இலவச எண், எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு அன்றே திரும்பிவிடலாம். அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள்.